நனையாத ரக்பி விளக்கவுரையாளர்

கரைவிளக்கி என்றொரு பிராணி உண்டு. யாராவது புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள வந்தால் போதும், அவருக்கும் அந்த வித்தைக்கும் நடுவில் வந்து நின்றுகொள்ளும். ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் அது நீச்சல்குளத்தின் ஆழமான முனையில், ரப்பர் செருப்பும் கழுத்தில் துண்டுமாக, ஹார்ட்முட் என்ற பெயரில் வசிக்கிறது.

தண்ணீருக்கடியில் ரக்பி ஆடும் சங்கம் அது. சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். பந்துக்குள் உப்புத்தண்ணீர் நிரப்பியிருப்பதால் அது மூழ்கும். குளத்தின் தரையில் அணிக்கொரு கூடை. ஆறு பேரும் ஆறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முட்டி மோதி எதிரியின் கூடைக்குள் பந்தைத் திணிக்க வேண்டும். அவ்வளவுதான். இதைச் சொல்ல ஹார்ட்முட் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் ஒரு பானை உருளைக்கிழங்கு வெந்து, ஆறி, சாலடும் ஆகிவிடும். அவர் தண்ணீரில் இறங்கி யாரும் பார்த்ததில்லை. காதில் கோளாறாம். எந்தக் காது என்பது வாரத்துக்கு வாரம் மாறும்.

அந்த வியாழக்கிழமை குளத்து நிர்வாகி ஓஸ்டர்காம்ப் அம்மாள் கறாராகச் சொல்லிவிட்டார்: "இன்னிக்கு ஆறு பேர் தண்ணியில இறங்கலேன்னா, அடுத்த வாரத்துலேர்ந்து இந்த நேரம் நீர்நடனக்காரங்களுக்கு."

ஐந்து பேர் தண்ணீரில் உதடு நீலம் பாய மிதந்துகொண்டிருந்தார்கள். ஆறாவது ஆள், பல் டாக்டர் வீப்கே, புதிதாக வந்தவள். காலில் நீச்சல் துடுப்பு மாட்டிக் கரையிலேயே நின்றாள்.

"பந்து ஏன் மூழ்குது, சொல்லுங்க?" என்று அவளை மறித்துக் கேட்டார் ஹார்ட்முட்.

"உப்புத்தண்ணி."

"அவசரப்படாதீங்கம்மா. முதல்ல உப்புன்னா என்னன்னு பார்ப்போம்."

"யோவ் ஹார்ட்முட், ஆளை உள்ள விடுய்யா!" என்று தண்ணீரிலிருந்து கத்தினாள் அணித்தலைவி கிரிட்.

"அஸ்திவாரம் முக்கியம்!"

எதிரி பந்தைப் போட முடியாதபடி கூடையை முதுகால் எப்படி மூடுவது என்று காட்ட ஹார்ட்முட் குப்பைத்தொட்டிமேல் உட்கார்ந்தார். இடுப்பு உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது. பேச்சு மட்டும் நிற்கவில்லை. நீர்நடனக் கோஷ்டி கதவோரம் எட்டிப்பார்த்தது. ஓஸ்டர்காம்ப் அம்மாள் சாவிக்கொத்தைக் கையிலெடுத்தார். வீப்கேவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஒரே கேள்வி. கீழ போனா பேச்சு கேக்குமா?"

"ஒரு வார்த்தை கேக்காது. அதுதாம்மா இந்த ஆட்டத்தோட பெரிய குறை."

வீப்கே குதித்துவிட்டாள்.

ஆறு பேர்! சாவிக்கொத்து பைக்குள் திரும்பியது. போனவள் மேலே வரவே காணோம். கிரிட் பயந்துபோய் முங்கி இழுத்துவந்தாள்.

"முதல் நாளே இவ்வளவு மூச்சா? எப்படிடி?"

"அவர் முடிச்சிட்டாரா?"

"இல்ல."

வீப்கே மறுபடி முங்கினாள். கிரிட் சிரித்தாள்: "நாங்க எல்லாரும் இப்படித்தான் சேர்ந்தோம்."

தொட்டிக்குள்ளிருந்து ஹார்ட்முட் ஓஸ்டர்காம்ப் அம்மாளிடம் பெருமையாகச் சொன்னார்: "பாத்தீங்களா? சரியா விளக்கினா ஆள் தானா குதிக்கும்."

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் நாளைக்கு ஏதோ ஒன்றை யாருக்கோ அக்கறையாக விளக்கும்போது எதிரே இருப்பவரைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆழமாக மூச்சை இழுக்கிறாரா?