பாசிக்கு ஒரு வாசகர்

"இது பூஜ்யம்தானா? இல்ல, உங்க மெஷினுக்குக் கண்ணு தெரியலையா?"

பாசிப் பேராசிரியர் கணினித் திரையில் மூக்கு படும் அளவுக்குக் குனிந்து கேட்டார். களஞ்சியக்காரர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். பல்கலைக்கழகத்தில் யார் எந்த ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினாலும் அதைக் கணினிக் களஞ்சியத்தில் ஏற்றி, உலகம் படிக்கத் திறந்துவைப்பது அவர் வேலை. ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே, இன்றைக்கு எத்தனை பேர் திறந்தார்கள், மொத்தம் எத்தனை பேர் என்று காட்டும். நூலகத்தின் பின்சுவரில், குழாய் ஒழுகும் இடத்தில் வளரும் பாசியைப் பற்றிப் பேராசிரியர் ஆயுசு முழுக்க ஆராய்ந்து எழுதிய கட்டுரைக்குக் கீழே இரண்டு பூஜ்யங்கள் கண்ணாடி போட்டதுபோல் முழித்துக்கொண்டிருந்தன.

"பூஜ்யம்தான் சார்."

"அப்ப தூக்கிருவாங்களா?"

யாருமே திறக்காத கட்டுரைகளை வருடக் கடைசியில் நீக்கிவிட வேண்டும் என்பது துணைவேந்தரின் புது உத்தரவு.

"அந்தக் குழாயை ரிப்பேர் பண்ண வந்தவரை எத்தனை தடவை கெஞ்சித் திருப்பி அனுப்பியிருக்கேன் தெரியுமா?" பேராசிரியரின் குரல் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். "கீழே இது யாரு, இன்னொரு பூஜ்யம்?"

"அது நான் எழுதினது சார்," என்றார் களஞ்சியக்காரர் கூச்சத்தோடு. 'பழைய புத்தகங்களில் தூசி தட்டும் முறை' என்று ஆசைப்பட்டு எழுதி ஏற்றிய ஒரே கட்டுரை.

மறுநாள் காலை களஞ்சியக்காரர் வழக்கம்போல் கண்ணை மூடிக் கும்பிட்டார். "கடவுளே, இது பொய்யா, உபகாரமா, நீயே பார்த்துக்கோ," என்று சொல்லிப் பாசிக் கட்டுரையைத் தட்டினார். பூஜ்யம் ஒன்றானது.

பேராசிரியர் ஓடிவந்தார். "படிச்சுட்டாங்க! யாரோ படிச்சுட்டாங்க!"

"சந்தோஷம் சார்."

அதற்கடுத்த நாளும் வந்தார். முகம் வாடியிருந்தது. "நேத்து வந்தவர் இன்னிக்கு வரலையே. ஒருவேளை பிடிக்கலையோ?"

வேறு வழி? களஞ்சியக்காரர் தினமும் தட்ட ஆரம்பித்தார். நல்லது செய்தால் நல்லது நடக்கும் என்று நம்புகிறவர் அவர். அந்த வாரமே அவருடைய தூசிக் கட்டுரையையும் யாரோ திறந்திருந்தார்கள். அன்றிலிருந்து தினமும் ஒருவர். தன் கட்டுரையைத் தானே தட்டுவது பாவம் என்று அவர் அதன் பக்கமே போகாதவர். ஆகவே இது அசல் வாசகர். கடவுள் கடன் வைப்பதில்லை என்று நெகிழ்ந்துபோனார்.

பாசிப் பேராசிரியர் சும்மா இருந்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். தேநீர் அறையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். பாலப் பேராசிரியர் கோபத்தோடு வந்தார்.

"பாசியைப் படிக்கிறாங்க, பாலத்தைப் படிக்கமாட்டாங்களா? பாசி வழுக்கி விடும் சார். பாலம் அக்கரை சேர்க்கும்!"

ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு வைக்கக் களஞ்சியக்காரருக்குத் தெரியாது. பாலத்தையும் தட்டினார். வகுப்பறையில் ஒருவர் தும்மினால் அடுத்து யார் தும்முவார் என்று ஆராய்ந்த தும்மல் பேராசிரியையின் கட்டுரையைத் தட்டினார். தவளைக்குச் சங்கீதம் பிடிக்குமா என்பதைத் தட்டினார். முடிவில் எல்லாவற்றையும் தட்டினார்.

வாசகர் கிடைத்த உற்சாகத்தில் எல்லோரும் இரண்டு மடங்கு எழுதித் தள்ளினார்கள். களஞ்சியக்காரரின் விரல் வீங்கியது.

"ஊரார் மனசுக்கெல்லாம் மருந்து போடுறீங்க," என்று அவர் மனைவி தைலம் தேய்த்துவிட்டாள். "எனக்கு முதுகு வலின்னு போன மாசம் சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

"அடடா, மறந்துட்டேம்மா."

"கட்டுரையா எழுதிக் குடுக்கட்டுமா? தினம் காலைல பாப்பீங்கல்ல!"

அன்று அவள் முதுகுக்கும் தைலம் தேய்த்தார். மறுநாள் அவருக்குக் காய்ச்சல்.

தேறி வந்து பார்த்தால் நூலகத் தாழ்வாரம் துக்க வீடு மாதிரி இருந்தது. அவர் வராத அன்று எல்லோருக்கும் பூஜ்யம். தும்மல் பேராசிரியை வகுப்பு எடுக்கவில்லை. பாலப் பேராசிரியர் பாலம் வேண்டாமென்று சுற்றுவழியில் வீட்டுக்குப் போனார். தூசிக் கட்டுரையை மட்டும் அன்றைக்கும் ஒருவர் திறந்திருந்தார். 'நம்ம வாசகர் காய்ச்சலுக்கெல்லாம் லீவு போடுறவர் இல்லை' என்று களஞ்சியக்காரருக்குச் சின்னதாக ஒரு கர்வம்.

பரிகாரமாக எல்லாவற்றையும் இரண்டு தடவை தட்டினார். அதுதான் வினையாகிப்போனது.

"ஒரு நாள் முழுக்க யோசிச்சுட்டு, மறுபடி படிச்சிருக்கார்!" என்றார் துணைவேந்தர் பேராசிரியர்கள் கூட்டத்தில். "பாசி, பாலம், தும்மல், தவளை எல்லாத்தையும் ஒரே காலைல படிக்கிற மேதை! விசாரிச்சுட்டேன். நம்ம நூலகத்துலதான் உட்கார்ந்து படிக்கிறாராம். அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் குடுக்கப்போறேன். யாரந்த மகான்?"

அரங்கமே திரும்பித் திரும்பிப் பார்த்தது. பின்வரிசையில் களஞ்சியக்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. சொன்னால் வேலை போகும். அதைவிட, பாசிப் பேராசிரியர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், அவர் நெஞ்சு வெடித்துப்போகும். சொல்லாவிட்டால் நாளைக் காலை எந்த முகத்தோடு கும்பிடுவது?

எழுந்தார். "ஐயா, நான்தான். ஆனா படிக்கலை. சும்மா திறந்தேன். யார் மனசும் நோகக்கூடாதேன்னு."

பாலப் பேராசிரியர் துள்ளி எழுந்தார்.

"என்ன அடக்கம்! அத்தனையும் படிச்சவர்தான் இப்படிப் படிக்கலைன்னு சொல்லமுடியும்!"

"நெஜமாவே படிக்கலை சார். உங்க தலைப்பைத் தாண்டறதுக்குள்ளேயே மூச்சு வாங்கிடுச்சு."

"தலைப்பு நீளம்! பாத்தீங்களா, எனக்கு ஒருத்தரும் சொல்லலை!"

"என் கட்டுரை?" என்றார் தும்மல் பேராசிரியை ஆவலாக.

"அதைத் தட்டினப்ப தும்மல் வந்துது மேடம். அறை முழுக்க தூசி."

"என் முடிவை நிரூபிச்சுட்டார்!"

கைதட்டல் ஓயவில்லை. அந்த இடத்திலேயே பட்டம் கொடுத்தார்கள். இனி எல்லாக் கட்டுரைகளையும் முதலில் அவர் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும் என்று துணைவேந்தர் உத்தரவும் போட்டார். வெறுமனே திறந்ததற்கு, பாவம், இனி படிக்க வேண்டும்.

சாயங்காலம் நூலகத்தில் களஞ்சியக்காரரின் மூலையறைக்குத் தள்ளுவண்டி நிறையக் கட்டுரைகள் வந்தன. தள்ளிக்கொண்டு வந்தவர் பாசிப் பேராசிரியர். அரங்கத்தில் அவர் ஒருவர்தான் கைதட்டவில்லை.

"நான் சொன்னதை நீங்க மட்டும் நம்பிட்டீங்க, இல்லையா சார்?"

"நம்பினேன்."

"மன்னிச்சுடுங்க சார்."

"எதுக்கு? பாசியை யாரு படிப்பா? எனக்காக ஒருத்தர் தினமும் விரல் வலிக்கத் தட்டியிருக்காரே. சுவத்துப் பாசிக்கு ஒழுகுற குழாய் மாதிரி. அது போதும்யா."

களஞ்சியக்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைத்துக்கொள்ளக் கணினிப் பக்கம் திரும்பினார். அத்தனை கலவரத்திலும் ஓர் ஆறுதல் பாக்கி இருந்தது. இந்த ஊரிலேயே அசல் வாசகர் உள்ள ஒரே கட்டுரை தன்னுடையதுதான். தூசிக் கட்டுரையைத் தேடிப் பார்த்தார். இன்றைய கணக்கில் பூஜ்யம்.

"என்னாச்சு? இன்னிக்கு மட்டும் அவர் வரலையே!" என்று தன்னையறியாமல் சொல்லிவிட்டார்.

பாசிப் பேராசிரியர் நெற்றியில் அடித்துக்கொண்டு நாற்காலியை இழுத்தார்.

"ஐயையோ, கொஞ்சம் தள்ளி உட்காருங்க! கூட்டக் கலாட்டாவுல இன்னிக்கு உங்க தூசியைத் தட்ட மறந்தே போயிட்டேன்!"