கீழே வைத்தால் குப்பை

என் வாயிலிருந்து அதிகமாக வெளியே வந்த சொல் எது என்று யாராவது எண்ணிப் பார்த்தால் அது 'ஆமாங்க'வாகத்தான் இருக்கும். யார் என்ன கேட்டாலும் ஆமாங்க. ஒருமுறை கடலூர் பேருந்தில் கண்டக்டர் என்னைப் பார்த்து, "திருவதிகைதானே?" என்றார். நான் இறங்க வேண்டியது அதற்கு முன்னால் வருகிற பண்ருட்டியில். ஆமாங்க என்றேன். டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். கொடுத்த டிக்கெட்டுக்கு மரியாதை வேண்டாமா? திருவதிகையிலேயே இறங்கி, கோபுரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நடந்தே திரும்பினேன். (சாமி கும்பிட்டது லாபம்.) என் கல்யாணமும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்தது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் மனைவி அஞ்சலாட்சிக்கு இருக்கலாம். கேட்கப் பயம்.

அந்த ஒரு சொல்லால் நாலு வருஷத்துக்கு முன்னால் நான் என் பிழைப்பையே தொலைக்கப் பார்த்தேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு ஊர் வடக்குத்து. படிப்பு ஐந்தாம் வகுப்பு. சொத்து நான்கு மாடு. பக்கத்தில் இருக்கிற நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பிளாக்கில் ஐம்பத்து நாலு குவார்ட்டர்ஸில் கழுநீர் எடுப்பேன். அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, காய்கறித் தோல், பலா சீசன் வந்தால் சக்கையும் மட்டையும். மூன்று சக்கர வண்டியில் இரண்டு நீல டிரம். இந்தத் தொழில் எனக்குப் பிடித்ததற்குக் காரணமே யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதுதான். ஒவ்வொரு வீட்டிலும் பின்பக்க கேட்டுக்கு வெளியே ஒரு வாளி இருக்கும். டிரம்மில் ஊற்றிவிட்டு வாளியைக் கவிழ்த்து வைப்பேன். கவிழ்த்த வாளி என்றால் கலியபெருமாள் வந்து போய்விட்டான் என்று அர்த்தம். பதினாலு வருஷம் இப்படியே ஓடியது. மொத்தமாகப் பத்து வாக்கியம் பேசியிருப்பேனா என்பது சந்தேகம்.

ஆனால் வாளி எல்லாம் சொல்லும். வெங்காயத் தோல் மலைபோல் கிடந்தால் விருந்தாளி வந்திருக்கிறார்கள். மூன்று நாள் வாளியில் முட்டை ஓடு மட்டும் கிடந்தால் அந்த அம்மா ஊருக்குப் போயிருக்கிறார், வீட்டுக்காரர்தான் சமையல். சோறு, குழம்பு, பொரியல் எல்லாம் தொடாமல் அப்படியே வந்து விழுந்திருந்தால், முந்தின நாள் புருஷன் பொண்டாட்டி சண்டை. (அன்றைக்கு மாடுகளுக்குத் தீபாவளி.)

அந்த வருஷம்தான் நான் போகிற பிளாக்கின் குப்பை வேலையை ஒரு புது கான்ட்ராக்டர் எடுத்தார். பச்சைச் சட்டை போட்ட ஆட்கள், விசில், பேட்டரி வண்டி. அவர்களுக்கு சூப்பர்வைசர் குமரவேல் என்ற தம்பி. முதல் நாளே என் வண்டிக்கு முன்னால் வந்து நின்றார்.

"அண்ணே, வண்டிய ஓரம் கட்டுங்க. இனிமே இந்த பிளாக்ல எங்களத் தவிர யாரும் எதையும் எடுக்கக் கூடாது. அக்ரிமென்ட்லயே தெளிவா போட்டுருக்குது."

"ஆமாங்க," என்றேன். அந்த அக்ரிமென்ட்டை நானே படித்துக் கையெழுத்துப் போட்டவன் மாதிரி.

"கோச்சுக்காதீங்கண்ணே. எங்களுக்கு எடைக்குத்தான் பில்லு. எடையே இந்தக் கழனித்தண்ணிலதான் கீது. அத நீங்க எடுத்துகினு போயிட்டா நாங்க என்னா, காத்துல பறக்குற கவரையா எட போட முடியும்?"

அவர் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. (யார் சொன்னாலும் எனக்கு நியாயமாகத்தான் படும். அதுதான் என் வியாதி.)

வீட்டில் அஞ்சலாட்சிக்கு அது நியாயமாகப் படவில்லை. தவிடும் புண்ணாக்கும் காசு கொடுத்து வாங்கி நான்கு மாட்டுக்குப் போட எங்களால் ஆகாது. இரண்டை விற்க வேண்டும். இந்தச் செய்தி எப்படித்தான் காற்றில் போகுமோ, மறுநாளே தரகர் வந்துவிட்டார். நேராக எங்கள் செவலையிடம் போய் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். பால் கறப்பதில் செவலைதான் முதல். அஞ்சலாட்சி தொழுவத்து வாசலில் வந்து நின்றாள்.

"மொதல்ல என் பல்ல பாருய்யா. செவலைய ஓட்டிகினு போறதா இருந்தா என்னையும் சேத்துத்தான் ஓட்டிகினு போவணும்."

தரகர் போய்விட்டார்.

மகள் கவிதா மனு எழுதினாள். அஞ்சலாட்சி அதைக் கொண்டுபோய் டவுன்ஷிப்பின் சுகாதார ஆபீஸில் கொடுத்தாள். வியாழக்கிழமை இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுக் கேட்பதாகச் சொன்னார்கள். மனு என் பெயரில் இருந்ததால் நான்தான் பேச வேண்டும். எனக்காக ஒரே ஒரு பேச்சு தயாரித்தார்கள்: 'ஐயா, அது குப்பை இல்லைங்க. அது என் மாட்டுச் சாப்பாடு.' அவ்வளவுதான். மூன்று நாள் தொழுவத்தில் நின்று சொல்லிப் பழகினேன். செவலை ஒவ்வொரு முறையும் தலையாட்டியது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

வியாழக்கிழமை கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். நாற்காலியில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார்.

என் பேச்சு 'ஐயா'வில் தொடங்குகிறது. இங்கே ஐயா இல்லை. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓர் இடத்தில் நின்றால் அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் நின்றுவிடும் என்பார்கள். எனக்கு முதல் சொல்லிலேயே நின்றுவிட்டது. குப்பையும் வரவில்லை, மாடும் வரவில்லை.

கான்ட்ராக்டர் நல்ல மாதிரியாகத்தான் கேட்டார்.

"நீங்க எடுக்கறது, அவங்க வேணாம்னு ஒதுக்கி வெச்சதுதானங்க?"

"ஆமாங்க."

"வேணாம்னு வெளிய வெச்சா அது குப்பைதான?"

"ஆமாங்க."

"அப்ப இத்தினி வருஷமா நீங்க குப்பைதான் எடுத்துகினு இருந்தீங்க?"

"ஆமாங்க."

அதிகாரியம்மா பேனாவைக் கீழே வைத்தார். "பெரியவரே, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்களுக்கு ஆட்சேபணை இருக்குன்னுதானே மனு குடுத்திருக்கீங்க?"

"ஆமாங்க." (அன்றைக்கு நான் சொன்ன ஒரே சரியான பதில் இதுதான்.)

"அப்போ கான்ட்ராக்டர் சொல்றது தப்பா? இல்ல, சரின்னு ஒத்துக்கறீங்களா?"

"ஆமாங்க."

எதிர்க்கட்சியில் நின்றிருந்த குமரவேல் தம்பிக்கே பொறுக்கவில்லை. "அண்ணே, கொஞ்சம் எதுத்துப் பேசுங்கண்ணே," என்று காதோரம் முணுமுணுத்தார். நான் அவரைப் பார்த்தும் தலையாட்டினேன். திங்கட்கிழமையிலிருந்து எடுக்கக் கூடாது என்று எழுதி நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன். எழுந்து கும்பிடும்போது, மூன்று நாளாக வாய்க்குள் அடைத்துக்கொண்டிருந்த சொல் தானாக வெளியே வந்தது. "வரேங்க ஐயா," என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

வெளியே வேப்பமரத்தடியில் அஞ்சலாட்சி காத்திருந்தாள்.

"என்னாச்சி?"

"கேட்டாங்க. சொன்னேன்."

"என்னான்னு சொன்ன?"

நான் செருப்பைப் பார்த்தேன்.

"யோவ், ஆமாங்கன்னியா?"

"ஆமா..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"பொண்ணு பாக்க வந்தப்ப எங்கப்பன் கேட்டதுக்கெல்லாம் இப்புடித்தான் ஆமாங்க ஆமாங்கன்ன. மாப்ள அடக்கமான புள்ளன்னு ஊர் முழுக்க சொல்லிகினு திரிஞ்சாரு. அடக்கம்!" என்றாள். வடக்குத்து வரும்வரை அந்த 'அடக்கம்' மட்டும் அவ்வப்போது வந்துகொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடைசியாக வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். இனிமேல் வர மாட்டேன் என்று ஐம்பத்து நாலு வீட்டிலும் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? ஒரு வழி தோன்றியது. வாளியைக் கவிழ்த்து வைத்தால் நாளைக்கும் வருவேன் என்று ஆகிவிடும். அதனால் கவிழ்க்காமல் நிமிர்த்தியே வைத்தேன். நான்கு வீடு தாண்டி ஐந்தாம் வீட்டுக்குப் போவதற்குள் பின்னால் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. முத்துலட்சுமி அம்மா. வீட்டுக்காரர் மைன்ஸில் ஷிஃப்ட் பார்க்கிறார். இவர்களுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம்.

"என்னண்ணே, வாளியக் கவுத்தாமப் போறிய? வீட்ல யாருக்கும் மேலுக்குச் சரியில்லையா?"

வாளிக்கு ஒரு பாஷை இருக்கிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். அவருக்கும் தெரிந்திருந்தது.

"திங்கக்கெழமைலேந்து வர மாட்டங்க. இது குப்பையாங்க."

"எவன் சொன்னது குப்பைன்னு?"

"நான்தாங்க."

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து கேட்டெல்லாம் திறந்தன. ஆறேழு பேர் கூடிவிட்டார்கள். நான் துண்டு துண்டாகச் சொன்னதை அவர்களே ஒட்டிப் புரிந்துகொண்டார்கள். முத்துலட்சுமி அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நா வெளிய வச்சாத்தான அது குப்பை? ஒங்க கையில குடுத்தா எப்படிக் குப்பையாவும்? கொழம்பு மிஞ்சினா பக்கத்து வீட்டுக்குக் குடுக்கேன். அதையும் கான்ட்ராக்ட்காரன் வந்து தூக்கிட்டுப் போவானா?"

திங்கட்கிழமை காலையில் அவர்களே ஆபீஸுக்குப் போனார்கள். என்னையும் கூட்டிப்போனார்கள், வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. (என் வாழ்க்கையில் யாரும் எனக்கு இவ்வளவு சுலபமான வேலை கொடுத்ததில்லை.) அதிகாரியம்மா அக்ரிமென்ட்டை எடுத்து மறுபடி வாசித்தார். வீட்டுக்கு வெளியே வைப்பதும் தொட்டியில் போடுவதும் கான்ட்ராக்டருக்கு மட்டுமே சொந்தம் என்று இருந்தது. கையில் கொடுப்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கூப்பிட்டனுப்பியதும் வந்த கான்ட்ராக்டர் யோசித்தார். கடைசியில் ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: வாளி கைக்குக் கை மாற வேண்டும். நடுவில் தரையைத் தொட்டால் அது அவருடையது.

எல்லோருக்கும் சந்தோஷம். நான் மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கைக்குக் கை என்றால், ஒவ்வொரு வீட்டிலும் கூப்பிட வேண்டும். ஐம்பத்து நாலு முறை. தினமும்.

மறுநாள் முதல் வீட்டுக்குப் போய் கேட்டருகே நின்று இருமினேன். யாரும் வரவில்லை. கொஞ்சம் பலமாக இருமினேன். நாய் வந்தது. பின்னாலேயே குமரவேல் தம்பி கையில் நோட்டோடு நின்றிருந்தார். வாளி தரையைத் தொடுகிறதா என்று பார்க்க அவரைப் போட்டிருந்தார்கள்.

"அண்ணே, சத்தமா கூப்புடுங்கண்ணே. இல்ல, நானே கூப்புடட்டுமா?"

"ஆமாங்க," என்றேன். பாவம், எட்டு வீட்டுக்கு அவர்தான் கூப்பிட்டார்.

ஒன்பதாவது வீட்டு அம்மா ஒரு கையில் போனும் இன்னொரு கையில் வாளியுமாக வந்தார். வாளி நிறையப் பலாச்சக்கை. செவலைக்கு உயிர். போனில் வெளியூரிலிருக்கும் மகன். "சாப்டியாடா? என்ன சாப்ட?" என்று கேட்டபடியே வந்தவர், கை வலித்ததோ என்னவோ, கேட்டுக்கு வெளியே வாளியைப் பொத்தென்று தரையில் வைத்துவிட்டார்.

விசில் பறந்தது.

"கீழ வெச்சாச்சி! இது எங்குளுது!" குமரவேல் பாய்ந்து வாளியின் பிடியைப் பிடித்தார். நானும் பிடித்தேன். எனக்குத் தெரிந்து நான் ஒரு பொருளை இன்னொருவரிடமிருந்து இழுத்தது அதுதான் முதல் தடவை. அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நடுவில் சக்கை ஆடுகிறது. எனக்குத் தரகர் செவலையின் வாயைத் திறந்தது ஞாபகம் வந்தது. அவ்வளவுதான். ஐந்து நாளாக நின்றிருந்த பெல்ட் ஓட ஆரம்பித்துவிட்டது.

"ஐயா! அது குப்பை இல்லைங்க! அது என் மாட்டுச் சாப்பாடு!"

சந்து முழுக்கக் கேட்டது. போனில் பேசிய அம்மா பேச்சை நிறுத்தினார். நாய் உள்ளே ஓடியது. தன்னைவிட இருபது வயது பெரியவன் 'ஐயா' என்று கத்தியதில் குமரவேல் தம்பிக்குக் கை தளர்ந்துவிட்டது. என்னைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார்.

"ஆ... ஆமாங்க," என்றார்.

முத்துலட்சுமி அம்மா தன் கேட்டில் நின்று, "எண்ணே, ஒங்களுக்கு இம்புட்டுச் சத்தம் இருக்கா! இத ஆபீஸ்ல எங்க ஒளிச்சு வச்சிருந்திய?" என்றார்.

மீதி நாற்பத்தைந்து வீட்டையும் நானே கூப்பிட்டேன். இரண்டு வாரத்தில் குமரவேல் நோட்டை எடுத்து வருவதை நிறுத்திவிட்டார். இப்போது அவர் வீட்டுக்கு எங்கள் பால்தான் போகிறது. செவலை நான்கு வருஷத்தில் இரண்டு கன்று போட்டுவிட்டது. எனக்கும் ஐம்பத்து நாலு வீட்டுப் பிள்ளைகளின் பெயரும் படிப்பும் தெரியும். வாளியைப் பார்த்துத் தெரிந்துகொண்டதெல்லாம் கொஞ்சம்தான். அந்த முட்டை ஓட்டு வீட்டில் சமைப்பதே எப்போதும் வீட்டுக்காரர்தானாம். எனக்கு இத்தனை வருஷம் தெரியவில்லை.

வீட்டில் மட்டும் என் மானம் போனது போனதுதான். சாப்பிடும்போது யாராவது டம்ளரைக் கீழே வைத்தால் போதும். "கீழ வெக்காத, கான்ட்ராக்ட்காரன் எடுத்துக்குவான்!" என்று கவிதா கத்துவாள். அஞ்சலாட்சி சம்பளக் கவர் கொடுப்பதுபோல் தினமும் காபியை இரண்டு கையாலும் என் கையில்தான் கொடுப்பாள்.

போன மாதம் கவிதாவுக்கு நிச்சயதார்த்தம். தட்டு மாற்றும்போது பழமும் தேங்காயுமாகக் கனம் தாங்காமல் மாப்பிள்ளையின் அப்பா தட்டைக் கீழே வைக்கப் போனார்.

"கீழ வெக்காதீங்க, கான்ட்ராக்ட்காரன் எடுத்துக்குவான்!"

கத்தியது கவிதா இல்லை. நான்தான்.

எங்கள் பக்கத்து ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. முத்துலட்சுமி அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் புரியாமல் விழித்தார்கள். விளக்கம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. நின்றுகொண்டே, நாற்பது பேர் முன்னால், கண்டக்டர் கேட்டதிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னேன். காபி ஆறிப்போனது. அஞ்சலாட்சி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த முறை 'அடக்கம்' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முடித்ததும் மாப்பிள்ளையின் அப்பா தட்டை மடியில் வைத்துக்கொண்டே கேட்டார்: "ஏன் சம்பந்தி, இதெல்லாம் நெசமாவே நடந்துச்சா?"

"ஆமாங்க," என்றேன்.