படியிறங்கிய தேசிமரம்

தெரியாத வேலைக்குத் தலையாட்டுவதில் என்னை மிஞ்சப் பலெர்மோவில் ஆளில்லை. லிபெர்த்தா வீதியில் ஒரு சிஞ்ஞோராவின் (இத்தாலிய வீட்டுக்கார அம்மாவின்) வீட்டில் வேலை கேட்டுப் போனபோது, "மரம் செடி பார்ப்பியா?" என்றார்.

"ஓம் சிஞ்ஞோரா, யாழ்ப்பாணத்திலை நாங்கள் விவசாயக் குடும்பம்."

(அப்பா வைத்திருந்தது சைக்கிள் கடை.)

வேலை கிடைத்தது. பெர்மெசோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க எனக்கிருந்த ஒரே பிடியும் அதுதான். கூடவே ஐந்தாம் மாடியில், பெரிய மண்சாடியில் நின்ற அவருடைய தேசிமரமும் (எலுமிச்சைதான்) என் பொறுப்பானது.

மாசியில் ஒருநாள், வெளியே புறப்பட்டவர் மரத்தைக் காட்டி ஏதோ சொன்னார். 'போர்த்தாரே' என்று என் காதில் விழுந்தது. என்றால், தூக்கிக்கொண்டு போவது. எங்கே என்று கேட்டால் விவசாயக் குடும்பத்தின் மானம் என்னாவது? என் கணவரை ஃபோன் எடுத்து வரவழைத்தேன்.

"எங்கை கொண்டுபோகச் சொன்னவா?"

"கீழை முற்றத்துக்குத்தான் இருக்கும். கதைக்காமல் பிடியுங்கோ!"

லிஃப்டுக்குள் மரம் போகவில்லை. படியால் இறக்கினோம். மூன்றாம் மாடி வளைவில் அது இறுகிக்கொண்டது. இழுத்த இழுவையில் கொப்புகள் படபடவென்று முறிந்தன. கதவைத் திறந்த வழக்கறிஞர், வெளியே வர வழியில்லாமல் இலைகளுக்குள் நின்று கத்தினார். அந்த நேரம் பார்த்துச் சிஞ்ஞோரா ஏறி வந்தார்.

"என்ன செய்யிறாய்?"

"போர்த்தாரே, சிஞ்ஞோரா!"

அவர் இரண்டு விரலைக் கத்தரிக்கோல்போல ஆட்டினார். "போத்தாரே! போத்தாரே!"

போத்தாரே என்றால் கிளை நறுக்குவதாம். ஒரேயொரு 'ர்' கூடிவிட்டது! மாடிக்கு மாடி தலைகள் எட்டிப் பார்த்துச் சிரித்தன. வேலை போய்விட்டது என்று நினைத்துக் கண் கலங்கி நின்றேன்.

மரத்தைத் திரும்ப மேலே ஏற்ற ஒருவருக்கும் தெம்பில்லை. ஒருவழியாகக் கீழே இறக்கி முற்றத்திலேயே விட்டோம். வாசல்காவலர் அதைச் சுற்றிவந்து பார்த்தார். "முறிஞ்சது முழுக்கப் பட்ட கொப்பு. நானெண்டாலும் இதைத்தான் வெட்டியிருப்பன்."

சித்திரையில் அது பூத்த பூவில் கட்டிடமே மணத்தது. சிஞ்ஞோராவுக்கு வாயெல்லாம் பல். அதன்பிறகு ஒவ்வொரு சொல்லையும் நடித்துக் காட்டியே சொல்லித் தந்தார். சப்பாரே என்றால் மண் கொத்துவது. கொன்சிமாரே, பசளை போடுவது. இன்னெஸ்தாரே, ஒட்டுக்கட்டுவது. (அதற்கு அவர் கையோடு கை சேர்த்ததைப் பார்த்து, யாருக்கோ கலியாணம் என்று நினைத்தேன்.)

இன்றைக்கு அந்தக் கட்டிடத்துப் பல்கனிச் செடிகள் எல்லாம் என் ஆட்சியில். போன மாரியில், தோடம்பழத் (ஆரஞ்சு) தோட்டம் வைத்திருக்கும் சிஞ்ஞோராவின் தங்கை, மரம் நறுக்க என்னை அனுப்பச் சொல்லி ஃபோன் எடுத்தார். சிஞ்ஞோரா என்னைப் பார்த்துக் கண்ணடித்தபடி பதில் சொன்னார்:

"தாராளமா அனுப்புறன். ஆனா பின்னேரம் மரங்கள் அங்கையே நிக்குமெண்டதுக்கு நான் பொறுப்பில்லை."