வெறுமையாகத் திரும்பாத தட்டு

அன்று மாலை கூடத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். சாப்பாட்டு மேசையின் தலைப்பக்கத்தில் லுத்ஃபி, கழுத்தில் டையுடன். அவருக்கு எதிரே, சோஃபாவில் மிச்சமிருந்த ஒரே மூலையில், மனைவியின் அண்ணன் மஹ்ரான். பால்கனிக் கதவோரம் முக்காலியில் மனைவி இன்சாஃப். மற்ற ஐந்து நாற்காலிகளிலும், சோஃபாவின் மீதி இடத்திலும், டெலிவிஷன் பெட்டியின் தலையிலும் உட்கார்ந்திருந்தவை ஊறுகாய் ஜாடிகள்.

"மாப்பிள்ளை, நான் காலை எங்க நீட்டுறது?"

"நீட்டாதீங்க மச்சான். மேசைக்கு அடியில டர்னிப் இருக்கு. இன்னும் ஊறலை."

மஹ்ரான் காலை மடக்கிக்கொண்டார். சூயஸிலிருந்து அத்தனை தூரம் பஸ்ஸில் வந்தவருக்குக் கால் நீட்டக்கூட இடமில்லை என்பது வருத்தம்தான். ஆனால் வந்த காரியம் பெரிது.

உள்ளூரான தமன்ஹூர் பஞ்சாலையில் பதினெட்டு வருடம் கிடங்கு குமாஸ்தாவாக இருந்தவர் லுத்ஃபி. ஆலை மூடிய மறுநாளே, "இனி எவனுக்கும் கைகட்டி நிற்கமாட்டேன்" என்று அறிவித்துவிட்டு, வீட்டிலேயே ஊறுகாய் போட ஆரம்பித்தார். கேரட், வெள்ளரி, டர்னிப் எல்லாம் உண்டு. ஆனால் அவருடைய கைமணம் தெரிவது எலுமிச்சையில்தான். கீறி, உள்ளே கருஞ்சீரகமும் குசும்பப்பூவும் அடைத்து, மூன்று வாரம் ஊற வைத்த எலுமிச்சை. அதை வாயில் போட்டவர்கள் முதலில் கண்ணை மூடுவார்கள். பிறகு கையை நீட்டுவார்கள்.

"எங்க கம்பெனிக் கிடங்குல ஆள் கேட்கிறாங்க. தங்க ரூம் இருக்கு. மாசம் ஒரு தடவை வீட்டுக்கு வந்துட்டுப் போகலாம்" என்றார் மஹ்ரான்.

மாசம் ஒரு தடவை என்றதும் இன்சாஃப் முக்காலியிலிருந்து எழுந்து போய், துடைத்து வைத்த ஜாடியையே மறுபடி துடைத்தாள்.

அதைப் பார்த்துவிட்டு லுத்ஃபி சொன்னார்: "ஒரு மாசம் டைம் குடுங்க மச்சான். அதுக்குள்ள காசு குடுத்து ஒரே ஒருத்தர் ஒரு ஜாடி வாங்கினாப் போதும், நான் இங்கேயே இருந்துக்கிறேன். இல்லேன்னா சூயஸ்."

"ஒருத்தர் போதுமா?"

"முதல் ஆள்தான் மச்சான் கஷ்டம். மத்தவங்க அவன் பின்னாலயே வருவாங்க."

"சரி. வர்றேன், வரலைன்னு எதுவா இருந்தாலும் கையெழுத்துப் போட்டு எழுதி என் பேருக்கு அனுப்பு. முப்பதாம் தேதி தபால்ல சேர்ந்தாகணும்" என்று எழுந்தவர், போகும்போது இரண்டு கக்கத்திலும் இரண்டு எலுமிச்சை ஜாடிகளை இடுக்கிக்கொண்டு போனார். மச்சானிடம் காசு கேட்க முடியுமா?

லுத்ஃபி எதையும் முறையாகச் செய்கிறவர். மச்சான் தலை மறைந்ததும் இரண்டு கடிதங்களையும் எழுதி முடித்துவிட்டார். "வருகிறேன்" இடது இழுப்பறையில், "வரவில்லை" வலது இழுப்பறையில். கவரை மட்டும் ஒட்டவில்லை.

ஃபிரிட்ஜ் கதவில் ஏதோ வாரப் பத்திரிகையிலிருந்து கத்தரித்த தாள் ஒன்று ஒட்டியிருந்தது. வீட்டுத் தொழில் செய்கிறவர் சோர்ந்துபோகாமல் இருக்கப் பன்னிரண்டு விதிகள். முதல் விதி: அலுவலகம் போவதுபோல் உடுத்துங்கள். இரண்டாம் விதி: வீட்டைவிட்டுக் கிளம்பி, வேலைக்கு வந்து சேருங்கள்.

ஆகவே தினமும் காலை எட்டே முக்காலுக்கு லுத்ஃபி டை கட்டி, ஆலைக் காலத்துத் தோல்பையை எடுத்துக்கொண்டு, நான்கு மாடி இறங்கி, கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி நான்கு மாடி ஏறி, மூச்சிரைக்கத் தன் வீட்டு அழைப்புமணியை அடிப்பார்.

"யாரு?" என்பாள் இன்சாஃப், கதவைத் திறக்காமலே.

"மேனேஜர்."

"மேனேஜர் வரும்போது ரெண்டு கட்டு வெந்தயக்கீரை வாங்கிட்டு வந்திருக்கலாமே?"

நான்காம் நாள் இரண்டாம் மாடி ஹாஜா நஃபூசா ஒரு தட்டு முளூகியாக் கீரையும் கோழிக்காலுமாக வந்து நின்றாள். ஹஜ் செய்து வந்தவள், கட்டடத்துக்கே பெரியவள். இன்சாஃபின் கன்னத்தைத் தடவி, "தினம் டை கட்டிக்கிட்டுப் போறான், போன வேகத்துல திரும்பி வர்றான். எந்த ஆபீஸ்லயும் உள்ள விடமாட்டேங்கிறாங்க போலிருக்கு. மனசை விட்டுராதேடி, எல்லாருக்கும் ஒரு காலம் வரும்" என்றாள்.

இன்சாஃப் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் இறங்கிப் போய்விட்டாள்.

தமன்ஹூரில் அடுத்த வீட்டுத் தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்பினால், திருப்பிய வீட்டு மானமும் கூடவே போய்விடும். இன்சாஃப் சமையலறையைத் துழாவினாள். ஊறுகாயைத் தவிர ஒன்றுமில்லை. ஐந்து எலுமிச்சையை எடுத்து, மேலே கொஞ்சம் எண்ணெய் விட்டு அனுப்பினாள்.

மறுநாள் ஹாஜாவிடமிருந்து மறுபடி ஒரு தட்டு. மூன்றாம் மாடி சுரையாவிடமிருந்து பாலரிசிப் பாயசம். அதற்கடுத்த நாள் முதல் மாடியிலிருந்து வாத்து.

"ஊரே நம்மளப் பார்த்துப் பரிதாபப்படுது" என்றார் லுத்ஃபி, வாத்துக் காலைக் கடித்தபடி. "எல்லாம் அந்த ரெண்டாம் விதியால வந்தது. நாளையிலிருந்து நான் கீழேயே இறங்கலை."

இறங்கவில்லை. டையோடு பால்கனியில் உட்கார்ந்து எலுமிச்சை கீறினார். அன்று மாலைக்குள் நான்கு தட்டுகள் வந்தன.

"அக்கா, அண்ணன் வெளியவே வர்றதில்லையாமே?" என்றாள் சுரையா, கதவில் சாய்ந்து. "பால்கனியில உக்காந்து கத்தியையே வெறிச்சுப் பார்த்துக்கிட்டிருக்காராம். பத்திரம்!"

"கத்தி எலுமிச்சைக்கு, சுரையா."

"அதைத்தான் சொல்றேன். எலுமிச்சை ஏதாவது இருக்கா?"

தட்டு வெறுமையாகத் திரும்பவில்லை.

"பரிதாபத்துக்கு மருந்து விளம்பரம்தான்" என்றார் லுத்ஃபி. ஒன்பதாம் விதியும் அதையே சொன்னது. அட்டையில் பச்சை மையால், 'லுத்ஃபி ஊறுகாய். வீட்டுத் தயாரிப்பு. விற்பனைக்கு' என்று எழுதி வாசலில் மாட்டினார். விளைவு உடனே தெரிந்தது. எதிர்க் கட்டடத்திலிருந்தும் தட்டுகள் வர ஆரம்பித்தன.

"ஊறுகாய் விக்கிற நிலைமைக்கு வந்துட்டான் பாவம்னு பேசிக்குவாங்க" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்சாஃப், இனிமே தட்டுக்கு ரெண்டே ரெண்டு எலுமிச்சை. அதுக்கு மேல வைக்காதே."

"பெரிய தட்டுல ரெண்டு எலுமிச்சை வெச்சா, ரெண்டு கண்ணு முழிச்சுப் பார்க்கிற மாதிரி இருக்குங்க."

"இருக்கட்டும்."

இரண்டு நாள் அப்படியே செய்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து தட்டுகள் நின்று, தாம்பாளங்கள் வர ஆரம்பித்தன. சுரையா ஒரு மக்ரோனித் தாம்பாளம் அனுப்பினாள். அது கதவில் நேராக நுழையவில்லை, சாய்த்துத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய தாம்பாளத்தில் இரண்டு எலுமிச்சை வைத்து அனுப்ப எந்தப் பெண்ணுக்குத்தான் மனசு வரும்? ஒரு ஜாடியே காலி.

இருபதாம் நாள் லுத்ஃபியின் சட்டைக் கழுத்துப் பொத்தான் போட முடியவில்லை. டையை அப்படியே தொளதொளவென்று தொங்கவிட்டுக்கொண்டார். ஏழாம் விதிப்படி தினமும் அன்றைய வெற்றியைக் குறித்து வைக்கிற நோட்டில், "இன்று வந்தவை: பஸ்பூஸா ரவா கேக், அடைத்த குடைமிளகாய், இரண்டு புறா. விற்றவை: இல்லை" என்று எழுதினார்.

"ஒருநாள் தட்டை வாங்காமத் திருப்பி அனுப்பிப் பார்ப்போமா?" என்றார்.

"ஹாஜா தட்டையா? அப்புறம் நாம செத்தா மையத்தைத் தூக்கக்கூட வரமாட்டாங்க."

"சூயஸ் போறதும் அதுவும் ஒண்ணுதான்."

இன்சாஃப் அன்றே பரணிலிருந்து அவருடைய பெட்டியை இறக்கி வைத்திருந்ததை அவரும், அவர் அதைப் பார்த்துவிட்டதை அவளும் தெரிந்து வைத்திருந்தார்கள். பெட்டிக்குள் அவள் முதலில் எடுத்து வைத்தது அந்த விதித் தாளை.

"அது எதுக்கு?"

"அங்க போயும் சோர்ந்து போகாம இருக்கணும்ல."

முப்பதாம் தேதி காலையில் கூடத்தில் நாற்காலிகள் எல்லாம் காலி. மஹ்ரான் வந்தால் தாராளமாகக் கால் நீட்டலாம். எலுமிச்சையில் பதினொரு ஜாடி மிச்சம். டர்னிப் இப்போதுதான் ஊறி முடித்து இளஞ்சிவப்பாகச் சிரித்துக்கொண்டிருந்தது. காசு கொடுத்து ஒரு ஜீவன்கூட வாங்கவில்லை.

லுத்ஃபி இடது இழுப்பறையைத் திறந்தார். "வருகிறேன்" கடிதத்தை ஒருமுறை படித்தார். கவரில் போட்டு, நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டி, தபால்தலை வைத்து, பால்கனிக் கூடையில் போட்டுக் கயிற்றைத் தளர்த்தினார். கீழே வாட்ச்மேன் பஸ்யூனி தயாராக நின்றார். அந்தக் கட்டடத்துத் தபால், ரொட்டி, வெங்காயம் எல்லாம் அவர் கை வழியேதான் ஏறும், இறங்கும்.

பஸ்யூனி கவரைத் திருப்பிப் பார்த்தார். "சூயஸுக்கா? அப்ப நிஜமாவே போறீங்களா சார்?"

நான்காம் மாடிக்கும் தரைக்கும் நடுவே ரகசியம் பேச முடியாது. பேச்சு எழுந்ததுமே எல்லா மாடியிலும் துணி உலர்த்த ஆட்கள் வந்துவிட்டார்கள்.

"வேற என்ன செய்யச் சொல்றே? ஒரு மாசமாச்சு, ஒருத்தர் கூட வாங்கலை! ஊரே பரிதாபப்பட்டுச் சோறு போடுது. நான் டை கட்டிக்கிட்டு அதைத் தின்னுக்கிட்டு உக்காந்திருக்கேன்!"

பஸ்யூனி அண்ணாந்து பார்த்தார். தலையைச் சொறிந்தார். பிறகு, அப்பாவுக்கு நோய் என்று நினைத்துக்கொண்டிருக்கிற பிள்ளையிடம் அது வெறும் ஏப்பம் என்று சொல்கிற டாக்டரைப் போலச் சொன்னார்:

"பரிதாபமா? முதல் தட்டு வேணும்னாப் பரிதாபம் சார். மிச்சமெல்லாம் உங்க எலுமிச்சைக்குப் போட்ட தூண்டில்! ஒரு தட்டுச் சோறு அனுப்பினா தானா ஊறுகாய் வருதுன்னு தெரிஞ்சப்புறம், எவன் சார் காசு குடுத்து வாங்குவான்? எந்த அளவுத் தாம்பாளத்துக்கு எத்தனை எலுமிச்சை வரும்னு அடுத்த தெருவுலேர்ந்து வந்து என்கிட்டதான் விசாரிச்சுட்டுப் போறாங்க!"

மூன்றாம் மாடி ஜன்னல் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. எதிர்க் கட்டடத்தில் பாதி வெளியே நீட்டியிருந்த ஒரு தாம்பாளம் மெதுவாக உள்ளே போனது.

முதலில் சிரித்தது இன்சாஃப். முக்காட்டை வாயில் அடக்கிக்கொண்டு சிரித்தாள். பிறகு பால்கனிக் கம்பியைப் பிடித்துக் குனிந்து, கட்டடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்: "எல்லாரும் கேட்டுக்குங்க! இன்னையிலேர்ந்து இந்த வீட்டுலேர்ந்து தட்டு வெறுமையாத்தான் திரும்பும்!"

தமன்ஹூரில் அப்படி ஒரு வார்த்தையை யாரும் கேட்டதில்லை. துணி உலர்த்துகிற கைகள் எல்லாம் அப்படியே நின்றன. இரண்டாம் மாடியிலிருந்து ஹாஜா நஃபூசாவின் குரல் வந்தது.

"வெக்கங்கெட்டவளே! சரி, ஜாடி என்ன விலை?"

"சொல்றேன் ஹாஜா!"

"ரெண்டு அனுப்பு. எலுமிச்சை. டர்னிப்பைத் தலையில கட்டிராதே. பஸ்யூனிகிட்டக் காசு குடுத்து விடுறேன்."

லுத்ஃபி அதற்குள் கயிற்றை இழுக்க ஆரம்பித்திருந்தார். "பஸ்யூனி, கவரைக் கூடையில போடு! போடுய்யா சீக்கிரம்!"

"வருகிறேன்" மேலே வந்தது. தபால்தலையைக் கிழியாமல் உரித்தெடுத்து வைத்துக்கொண்டு, வலது இழுப்பறையைத் திறந்தார். முப்பது நாள் முன்பு எழுதிய கடிதத்தில் ஓர் எழுத்துக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி மட்டும் சேர்த்தார்:

"மச்சான், நீங்கள் கொண்டுபோன இரண்டு ஜாடிகளும் தீர்ந்திருந்தால், தயவுசெய்து வெறுமையாகவே திருப்பி அனுப்பவும்."

கவரை ஒட்டினார். ஓரங்களைக் கட்டைவிரலால் இரண்டு முறை நீவினார். கூடை ஹாஜாவின் இரண்டு ஜாடிகளோடும் கடிதத்தோடும் கனமாக இறங்கியது.