வாசலை அடைத்த மோட்டார் சைக்கிள்

பிள்ளை பிறக்க வேண்டிய நாள் தாண்டிவிட்டால் ஆஸ்பத்திரிக்காரர்கள் தாயைக் கூப்பிட்டுப் படுக்கவைக்கத் தேவையில்லை. தகப்பனைப் பிடித்து ஒரு கட்டிலில் கட்டிப்போட்டால் போதும். பாதி விபத்துகள் குறையும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நானும் கௌரியும் லண்டனில், வால்தம்ஸ்டோவில் ஓர் ஒடுங்கிய வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே முன்னறையில் இன்னொரு வாடகைக்காரர், சிவமண்ணை. எங்கள் முதல் பிள்ளைக்கு டொக்டர் சொன்ன நாள் போய்விட்டது. கௌரி அமைதியாகக் கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள். நான்தான் மாடிப்படி ஏறி இறங்கினேன். ஆஸ்பத்திரிப் பையைப் பிரித்து அடுக்கினேன். தொலைபேசி வேலை செய்கிறதா என்று எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

"இஞ்சேருங்கோ, ஒண்டில் இருங்கோ, இல்லாட்டி வெளியில போங்கோ. உங்களைப் பாக்க எனக்குத் தலை சுத்துது" என்றாள்.

வெளியே மழை. ஆகவே நான் வெளியே போகாமல், வெளியே நின்ற மோட்டார் சைக்கிளை உள்ளே கொண்டுவந்தேன். (இதில் என்ன நியாயம் என்று கேட்காதீர்கள்.) பெற்றோல் நிலைய வேலைக்குப் போக வாங்கிய கிழட்டு வண்டி அது. ஒயில் மாற்ற வேண்டியிருந்தது. என்ஜினின் அடியில் இருக்கும் ஒரு போல்ட்டைக் கழற்றினால் பழைய ஒயில் தானாக வடிந்துவிடும். இவ்வளவுதான் வேலை.

வாசல் கதவுக்கும் மாடிப்படிக்கும் இடையில் வண்டியை நிறுத்தி, ஒரு பால் பெட்டியை முட்டுக்கொடுத்து உயர்த்தினேன். குனிந்து பார்த்தால் முகத்தில் ஒயில் கொட்டுமே என்று, பக்கத்தில் முழங்காலிட்டு, பார்க்காமலே அடியில் கையை விட்டு ஸ்பானரைத் திருகினேன். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினேன். ஸ்பானர் வழுக்கி என் விரல்தான் சுவரில் மோதியது. தடவிப் பார்த்தால், போல்ட்டின் மூலையெல்லாம் தேய்ந்து புளியங்கொட்டை மாதிரி வழுவழுவென்று இருந்தது.

சத்தம் கேட்டு சிவமண்ணை வந்தார். "தம்பி, விலத்தும். ஊரில நான் லொறி என்ஜினே இறக்கினனான்." (அவர் ஊரில் தபால் கந்தோரில் இருந்தவர் என்பது பின்னால்தான் தெரிந்தது.) ஒரு பெரிய குறட்டால் போல்ட்டைக் கவ்வி, பிடி நீளம் காணாதென்று, வீட்டுக்காரரின் வக்கூம் கிளீனர் குழாயை அதில் செருகினார். "எந்தப் பக்கம்?" என்று கேட்டார். நான் திருகிய பக்கத்தையே காட்டினேன்.

அப்போது மேலேயிருந்து கௌரியின் குரல். "இஞ்சேருங்கோ!"

"கொஞ்சம் பொறும், இந்தா வருது!" என்று போல்ட்டைப் பார்த்தபடி கத்தினேன்.

"எனக்கும் வருது!"

அதைக் கேட்ட அதிர்ச்சியில் சிவமண்ணை தன் முழுப் பாரத்தையும் குழாயில் போட்டார். பால் பெட்டி நழுவியது. வண்டி பாய்ந்துபோய் வாசல் கதவில் முட்டி, கைப்பிடி இரண்டு சுவருக்கும் நடுவில் இறுகி நின்றுவிட்டது. என்ஜினின் அடிவயிறு வெடித்து ஒயில் முழுவதும் காப்பெட் விரிப்பில் ஓடியது. போல்ட் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. இனிக் கதவு திறக்காது. அது உள்பக்கமாகத் திறக்கும் கதவு.

கௌரி படிக்கட்டில் பாதி இறங்கி, கம்பியைப் பிடித்தபடி எல்லாவற்றையும் பார்த்தாள். ஒரு வலி வந்து போனது. பிறகு, "எந்தப் பக்கம் திருப்பினியள்?" என்றாள்.

காட்டினேன்.

"போத்தலைக் கவிட்டு வைச்சா மூடி மற்றப் பக்கமெல்லே திறக்கும்? விடியத் தொடக்கம் நீங்கள் இறுக்கிக்கொண்டிருக்கிறியள்."

அவமானப்பட நேரமில்லை. அம்புலன்ஸை அழைத்தேன். வந்தவர்கள் கதவைத் தள்ளினார்கள். அது ஒரு விரல் அளவு திறந்து நின்றது. கடிதம் போடும் துவாரத்தில் ஒரு பெண்ணின் இரண்டு கண்கள் தெரிந்தன. "உள்ளே இருப்பது மோட்டார் சைக்கிளா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஓம் என்று தமிழில் சொன்னேன்.

கடைசியில் சிவமண்ணையின் அறை யன்னல்தான் கைகொடுத்தது. உள்ளே ஒரு கதிரை, வெளியே ஒரு கதிரை. இரண்டு வலிகளுக்கு இடையில் கௌரி ராணி மாதிரி நிமிர்ந்து, யன்னலால் லண்டன் மழைக்குள் இறங்கினாள். எதிர்வீட்டுக்காரர்கள் குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார்கள். ஒருவர் கைதட்டினார். அம்புலன்ஸில் வலி வந்தபோது என் கையை இறுகப் பற்றப் பார்த்தாள். ஒயில் கை வழுக்கிப் போனது. அப்போது அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

பின்னேரம் மகள் பிறந்தாள். இருவரும் சுகம். என் கைகளைக் கண்ட தாதி, திரும்பத் திரும்பக் கழுவ அனுப்பிய பிறகே பிள்ளையைத் தந்தாள். அப்படியும் எங்கள் முதல் படத்தில் வெள்ளைப் போர்வையில் என் கறுப்புப் பெருவிரல் அடையாளம் கிடக்கிறது. வண்டியை எடுக்க வாசல் கதவையே கழற்ற வேண்டியிருந்தது. உதிரிப்பாகத்துக்கென்று நோர்பரியிலிருந்து ஒருவர் வந்து அதைக் கொண்டுபோனார், போல்ட்டோடு.

இப்போது மகளுக்கே கல்யாண வயது. போன வருடம் ஒரு பொடியனை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அவன் சப்பாத்தைக் கழற்றுவதற்குள், என்ன வேலை, தகப்பனுக்கு எந்த ஊர், சிகரெட் பிடிப்பீரோ என்று நான் அடுக்கிக்கொண்டு போனேன். மகள் மெல்ல என் முழங்கையைத் தொட்டாள்.

"அப்பா, இறுக்கிறீங்க."

கௌரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பொடியன் ஒன்றும் விளங்காமல் முழித்தான். "இரும் தம்பி, சொல்லுறன்" என்று அவள் கதிரையை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள். இந்தக் கதையை எப்போதும் யன்னலிலிருந்துதான் தொடங்குவாள்.