நெற்றியில் ஒரு வெள்ளைக் கொத்து

ரசம் இலையின் ஓரத்தைத் தாண்டி, மேசை வழியாக ஷாமினியின் மடியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அவள் கவனிக்கவில்லை. உணவகத்தின் எதிர் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவனின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடர்ந்த கறுப்பு முடி. நெற்றிக்கு நேர்மேலே மட்டும் ஒரு கொத்து, பாலில் தோய்த்ததுபோல வெள்ளை.

"அப்படிப் பாக்காதே. பிள்ளை பயந்துரும்," என்றாள் அம்மா, அப்பளத்தை உடைத்தபடி.

"அம்மா, அது நாலாவது குரோமோசோம்."

"யாரா இருந்தா என்ன? மொதல்ல ரசத்துக்கு அணை கட்டு."

ஷாமினி கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் மரபணு ஆராய்ச்சியாளர். ஒரே ஒரு மரபணுவில் ஓர் எழுத்து தவறினால் நெற்றியில் இப்படி வெள்ளை முடி முளைக்கும். அது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகும். அப்படி ஒரு குடும்பத்தைத்தான் அவள் வருடக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தாள். ஆண்டு முடிவதற்குள் கிடைக்காவிட்டால் ஆராய்ச்சியை மூடிவிட்டு அறையைக் கொசுப் பிரிவுக்குக் கொடுத்துவிடுவார்கள். வீட்டில் யாராவது வரன் பேச்சை எடுத்தால், வெள்ளைக் கொத்தின் படத்தை அம்மாவிடம் நீட்டி, "மொதல்ல இது கெடைக்கட்டும், அப்புறம் மத்தது," என்பாள்.

இப்போது அது மோர் மிளகாய் கடித்துக்கொண்டிருந்தது.

ஷாமினி எழுந்து போனாள். "சாரி, ஒரு நிமிஷம். இந்த முடி உங்களுக்குப் பொறவியிலேர்ந்தே இருக்கா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். சன்னலுக்கு வெளியே ஒரு மோனோரெயில் முழுதாகக் கடந்து போனது.

"அம்மாவுக்கும் இருக்கு," என்றான்.

ஷாமினிக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்க எச்சில் கொஞ்சம் கெடைக்குமா?"

அவன் மிளகாயைக் கீழே வைத்தான்.

பெயர் யுகேந்திரன். கிள்ளான் துறைமுகத்தில் எந்தக் கன்டெய்னர் எதன் மேல் அடுக்கப்பட வேண்டும் என்று திட்டமிடும் வேலை. வீடும் பக்கத்தில், பண்டமாரானில்.

அடுத்த சனிக்கிழமை ஷாமினி எச்சில் பிடிக்கும் குழாய்களை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, அம்மா பட்டுப்புடவையில் வாசலில் நின்றாள். கையில் தாம்பாளம். ஆப்பிள், ஆரஞ்சு, வெற்றிலை பாக்கு, மல்லிகைப்பூ.

"இது எதுக்கும்மா?"

"எச்சில் கேக்கப் போற வீட்டுக்கு வெறுங்கையோட போறதா? நீயும் சேலை கட்டு. இப்படியே போனா ஏதோ ஜாமான் விக்க வந்தவள்னு நெனைப்பாங்க."

அதில் நியாயம் இருப்பதாக ஷாமினிக்குப் பட்டது.

யுகேந்திரனின் அம்மா சந்திரகலா வாசலுக்கே வந்து தாம்பாளத்தை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். அவர் நெற்றியிலும் அதே கொத்து. ஷாமினிக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. பக்கத்தில் அவருடைய அண்ணன் நாகையா, முழு வழுக்கை.

"எனக்கும் இருந்துச்சும்மா," என்றார் நாகையா. "முடியோட போயிருச்சு."

"பழைய போட்டோ ஏதாவது இருக்கா அங்கிள்?"

"வெள்ளத்துல போயிருச்சு," என்றார் சந்திரகலா அவசரமாக. அடிக்கடி வெள்ளம் வரும் கிள்ளானில் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

ஷாமினி வம்ச வரைபடத்துக்கான கேள்விகளைத் தொடங்கினாள். "உங்க அப்பா அம்மா சொந்தத்துல கட்டிக்கிட்டவங்களா ஆன்டி? தாய்மாமன் எத்தனை பேரு? குடும்பத்துல யாருக்காச்சும் சீக்கு இருக்கா?"

சந்திரகலா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பிறகு அதே கேள்விகளைத் திருப்பிக் கேட்டார். ஷாமினியும் யோசிக்காமல் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"மூக்குத்தி போட்டுக்குவியாம்மா?"

ஷாமினியின் பேனா நின்றது. தாம்பாளம் சாமி அறைக்குப் போயிருந்தது. அதே கேள்விகளைத்தான் இந்த ஊரில் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் கேட்பார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அம்மாவின் காதருகே குனிந்தாள். "அம்மா, இவங்க தப்பா நெனைச்சுட்டாங்க!"

"இப்ப போய்ச் சொன்னா எச்சில் குடுப்பாங்களா? பேசாம இரு."

அதிலும் நியாயம் இருந்தது. ஷாமினி பேசாமல் இருந்தாள்.

எச்சில் கொடுப்பதற்கு முன் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. நெய் மினுங்கும் கேசரியின் முன் ஐவரும் மௌனமாக உட்கார்ந்திருந்தார்கள். மழை வந்தது. துறைமுகத்தில் ஏதோ கப்பல் நீளமாக ஒலி எழுப்பி அடங்கியது. யுகேந்திரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அமைதி ஒரு போர்வைபோல இருவர்மீதும் சேர்த்துப் போடப்பட்டதாக ஷாமினிக்குத் தோன்றியது. இப்படி ஒருவனோடு பேசாமலே வயதாகிவிடலாம் என்றுகூட நினைத்தாள். உடனே வெட்கப்பட்டுக் குழாய்களை எண்ணத் தொடங்கினாள்.

ஏமாற்றுகிறோம் என்ற எண்ணம் அவளைத் தூங்க விடவில்லை. உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து யுகேந்திரனைப் பங்சாரில் ஒரு கோப்பிக் கடைக்கு வரச் சொன்னாள்.

"நான் ஒண்ணு சொல்லணும்," என்றாள்.

"எனக்கும் ஒண்ணு சொல்லணும்," என்றான் அவன். பிறகு வெகுநேரம் கோப்பியையே கலக்கினான். தலை குனிந்திருந்தது.

அப்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். வெள்ளைக் கொத்தின் அடியில், வேரில், கறுப்பு.

பிறவி வெள்ளை வேரிலிருந்தே வெள்ளையாக இருக்கும். இது கறுக்கிறது என்றால், பிழையான மரபணு தன்னைத்தானே திருத்திக்கொள்கிறது! சொல்ல வந்தது மறந்துவிட்டது.

"அசையாதீங்க!" என்று போனை எடுத்தாள். "இனிமே வாரா வாரம் உங்களைப் பாக்கணும்."

அவன் சொல்ல வந்ததைக் கோப்பியோடு விழுங்கிவிட்டான்.

"வாரா வாரம் பாக்காம இருக்க முடியலையாம் பொண்ணுக்கு," என்று சந்திரகலா பண்டமாரான் முழுக்கச் சொல்லிவிட்டார்.

ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர் ஹாசிம் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "தானாவே திருந்துற ஜீன்! உலகத்துலயே மொத தடவை லா, ஷாமினி! அடுத்த மாசக் கூட்டத்துல நீ பேசுற. நான் எல்லாருக்கும் சொல்லியாச்சு."

ஷாமினி நூலகம் கட்டினாள். எச்சிலிலிருந்து எடுத்த டிஎன்ஏயைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் அடையாளம் ஒட்டிச் சேர்த்து வைப்பதற்கு அங்கே அப்படித்தான் பெயர். அவள் அதற்குள் வாசகியைப்போல உலவினாள். ஜோடி ஜோடியாகத் தூங்கும் குரோமோசோம்கள், அவற்றுக்குள் யுகேந்திரனின் முன்னோர்கள், அவர்களுடைய நீண்ட மௌனங்கள். ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள்.

பிழையே இல்லை. மகனுக்கும் இல்லை, அம்மாவுக்கும் இல்லை. மறுபடி கட்டினாள். மறுபடியும் இல்லை. அப்படியொரு சுத்தமான குடும்பத்தை அவள் பார்த்ததே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை நாள் குறிக்க வருவதாகச் சந்திரகலாவிடமிருந்து செய்தி வந்தது. சேலைகூட எடுத்துவிட்டாராம்.

இனித் தள்ளிப்போட முடியாது. எச்சிலுக்காகத்தான் வந்தேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட வேண்டும். ஆராய்ச்சி போகும். யுகேந்திரனும் போவான். இரண்டில் எது அதிகம் வலிக்கிறது என்று யோசித்தாள். வந்த பதில் அறிவியலுக்குச் சாதகமாக இல்லை.

"நாளைக்கு ஆள் வராங்க, இந்தத் தலையோட நிக்கப்போறியா?" என்று சனிக்கிழமை சாயங்காலம் அம்மா அவளைக் கீழ்மாடி சலூனுக்கு விரட்டினாள். அவர்கள் குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸில் பாதிப் பெண்களின் தலை, அந்த சலூனை நடத்தும் மலரின் கையில்தான்.

மலர் சீப்பால் வகிடு எடுத்தாள். விசிறி மெதுவாகச் சுற்றியது. ஷாமினி மடியில் இருந்த போனில் யுகேந்திரனின் நெற்றியை வாரம் வாரமாகத் தள்ளிப் பார்த்தாள். வெள்ளை மேலே மேலே போய்க்கொண்டிருந்தது, விடியலில் விலகும் மூடுபனியைப்போல. நாளையோடு இதுவும் முடிந்துவிடும்.

சீப்பு நின்றது. மலர் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து போனைப் பார்த்தாள்.

"ஐயோ, இந்த அண்ணனுக்கு வேர் இவ்வளவு கறுத்துருச்சா? கல்யாணத்துக்கு முந்தி அவருக்கும் அவங்கம்மாவுக்கும் மறுபடி வெள்ளை அடிக்கணும்னு உங்கம்மா காலையிலயே புக் பண்ணிட்டாங்கக்கா. மொத தடவை அம்மா கொண்டாந்த உங்க ஆராய்ச்சிப் படத்தை மறக்காம எடுத்துட்டு வரச் சொல்லுங்க, அதைப் பாத்தாத்தான் எனக்கு அளவு சரியா வருது!"