ஜப்பான் கவர்

ஜெரி போனை எடுத்து "அலோ" என்றதுதான் தாமதம், "யோவ், நேத்து எங்கம்மாவ இன்னாய்யா சொன்ன?" என்று ஒரு பெண் குரல் பாய்ந்தது. ஜெரி அந்த அம்மாவை ஆயுளில் பார்த்ததில்லை. பயத்தில் மன்னிப்பும் கேட்டு முடித்த பிறகுதான், கையில் இருப்பது ஜார்ஜின் போன் என்று தெரிந்தது. அதே நேரம் படகின் மறுகோடியில் ஜார்ஜ், ஜெரியின் மனைவி எல்சி "சாப்ட்டியா செல்லம்?" என்று கேட்டதற்கு, "ஆச்சும்மா, இட்லி" என்று மரியாதையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

எல்லாம் படகு முதலாளி வியாகுலம்மாள் செய்த புண்ணியம். கிறிஸ்துமஸுக்குப் படகு ஆட்கள் அத்தனை பேருக்கும் ஒரே மாதிரி கறுப்பு போனாக வாங்கிக் கொடுத்துவிட்டார். எது அடித்தாலும் எல்லாரும் பாக்கெட்டைத் தடவுவார்கள்.

வேறு நாளாயிருந்தால் ஜெரி சிரித்துவிட்டுப் போயிருப்பான். இன்று மீன்பிடித் தடைக்காலம் முடிந்து காசிமேட்டுப் படகுகள் கடலுக்குப் போகிற முதல் நாள். இத்தனை வருஷம் வலை இழுத்தவனுக்கு இன்றுதான் முதல்முறையாக டிரைவர் வேலை. அதையும் வியாகுலம்மாள் சும்மா கொடுத்துவிடவில்லை.

"உச்சி வெயிலுக்குள்ள நம்ம போட்டு தொறைமுக வாயத் தாண்டணும். இல்லியா, நீ மறுபடியும் வலைக்குப் போ. பரசுராமன் ஓட்டட்டும்" என்று சொல்லியிருந்தார்.

அந்தப் பரசுராமனும் சோற்றுத் தூக்கோடு கரையில் வந்து உட்கார்ந்திருந்தான். துக்க வீட்டுக்கு வந்தவன் மாதிரி முகம். கண் மட்டும் ஸ்டியரிங் மேல்.

எல்சிக்கு ராயபுரத்தில் போன் கவர் கடையில் வேலை. ஷேர் ஆட்டோ பிடித்து வந்து இறங்கிவிட்டாள்.

"கண்டவங்ககிட்டல்லாம் நான் செல்லம் சொல்லிக்கினு இருக்கணுமா? இந்தா, போட்டுக்க. ஜப்பான் கவரு. உன் போனுன்னு தனியா தெரியும்."

ஜெரி கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கருநீலத்தில் ஒரு அலை எழுந்து நின்றது. அதன் அடியில் ஒரு சின்னப் படகு. அடேயப்பா! உள்ளங்கை அகலத்துக்குள் ஒரு கடலையே அடக்கிவிட்டான் அந்த ஜப்பான்காரன்.

ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்த ஆசீர்வாதம் கிட்டே வந்தார். படகில் மூத்தவர், அவர் ஏறினால்தான் மற்றவர்கள் ஏறுவார்கள். கவரைக் கண்ணருகில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"வரைஞ்சவன் கடலுக்குப் போனவன்டா. அலை ஒடையறதுக்கு முன்னாடி உள்ளாற இருட்டா ஒரு பச்சை தெரியும் பாரு, அத்தகூட வுடல" என்றார். பிறகு திடீரென்று முகம் மாறியது. "அய்யய்யோ! கவுறப் போற போட்டுடா இது! மொத நாளு அதுவுமா! நான் ஏறமாட்டேன்பா."

"கயட்டிடறேன் மாமா!"

"கயட்டினா? கண்ணு பாத்துருச்சே! கெட்டத பாத்த கண்ணு, நல்லது ஒண்ணப் பாத்துட்டுதான் போட்டுல ஏறணும். வேற கவரு கொண்டாரச் சொல்லு. இத்த வூட்டுக்கும் எடுத்துனு போவக்கூடாது. குடு, கடல்ல வுட்டுட்டு வர்றேன்."

நற்கருணை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு படகின் பின்பக்கம் போனார். வெறுங்கையோடு வந்து சிலுவை போட்டுக்கொண்டார்.

ஜெரி முதலாளிக்குப் போன் போட்டான்.

"ஆசீர்வாதம் சொன்னா சரியாத்தான் இருக்கும். கேட்டு நடந்துக்க" என்று வைத்துவிட்டார் வியாகுலம்மாள்.

எல்சி ஓடினாள். அடுத்த கவரோடு வந்தாள். அருவியை எதிர்த்து ஏறுகிற ஒரு சிவப்பு மீன். செதில் ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னியது. சமையல்காரர் கிருஷ்ணப்பன்கூட வெங்காயத்தை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். அவர் வாய் திறப்பதே சாப்பிடக் கூப்பிடும்போதுதான்.

"மாதாவே! உசிரு கீதுபா இதுக்கு! தொட்டா வழுக்கும்போல" என்று ஜார்ஜ் விரலால் தடவிப் பார்த்தான். தடவிக்கொண்டே இருந்தான். கடைசியில் பெருமூச்சு விட்டான். "ஆனா மேல ஏறுது பாத்தியா? வலையத் தாண்டிப் போற மீனு. இத்த வச்சிக்கினு போனா ஒரு மீனும் நிக்காது."

"டேய் ஜார்ஜ், நீயுமாடா!"

"எனுக்கு இன்னா மாமு, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். குடு, நானே கடல்ல வுட்டுர்றேன்."

பக்கத்துப் படகுகள் ஒவ்வொன்றாகச் சங்கு ஊதிக்கொண்டு கிளம்பின. பரசுராமன் கரையிலிருந்து எழுந்து வந்து படகு ஓரத்தில் உட்கார்ந்தான். செருப்பைக் கழற்றிவிட்டான்.

மூன்றாவது கவரைக் கொண்டுவந்தபோது எல்சிக்கு மூச்சு வாங்கியது. பனியில் ஒற்றைக் காலில் நிற்கும் ஒரு வெள்ளைப் பறவை. உச்சந்தலையில் மட்டும் சிவப்பு. பார்த்ததும் இளவட்டமான பாரி இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டான்.

"த்தா, இன்னா அயகு! பனி கொட்டற சத்தம்கூடக் கேக்குது அண்ணி!" என்றவன், அடுத்த மூச்சில் உதட்டைப் பிதுக்கினான். "ஆனா கொக்காச்சே. நம்மளுக்கு முன்னாடி மீனக் கொத்திக்கினு பூடுமே."

எல்சி இடுப்பில் கைவைத்தாள்.

"ஜப்பான்காரன் காசிமேட்டு சகுனம் பாத்தா வரைவான்? எனுக்கு வேலை பூடும்யா! கடை மொதலாளி மொறைக்கறாரு!"

"நான் இன்னா பண்றது அண்ணி? கண்ணு பாத்துருச்சே. குடுங்க, கடல்ல வுட்டுர்றேன்" என்று பாரி பணிவோடு கையை நீட்டினான்.

வெயில் தலைக்கு மேலே வந்துகொண்டிருந்தது. பரசுராமன் ஒரு காலைத் தூக்கிப் படகுக்குள் வைத்துவிட்டான். ஜெரிக்கு அழுகை முட்டியது. டிரைவர் ஆன சந்தோஷத்தில் மாமியார் வீட்டுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. இனி எந்த முகத்தோடு மறுபடி வலையைத் தொடுவான்?

"அழாதய்யா. இரு, வந்துர்றேன்" என்று மறுபடி ஓடினாள் எல்சி.

இந்த முறை யோசித்து எடுத்து வந்திருந்தாள்.

"நல்லா பாத்துக்கங்க. தண்ணி இல்ல, மீனு இல்ல, கொக்கு இல்ல. இது மலை. எதுனா சொன்னீங்க, இங்கியே குந்தி ஒப்பாரி வெச்சிருவேன்."

மலை. உச்சியில் பனி. அடிவாரத்தில் இளஞ்சிவப்புப் பூக்கள். பின்னால் ஒரு விடியல். எண்ணூர்ப் புகைபோக்கிகளைத் தவிர உயரமாக எதையும் பார்த்திராத ஆட்கள், அந்தச் சின்னக் கவரைச் சுற்றி அசையாமல் நின்றார்கள். கோயிலில் மணி அடிக்கும்போது இறங்குகிற அமைதி அது. ஐஸ் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

ஆசீர்வாதம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்லது பாத்தாச்சு. ஏறுங்கடா!" என்றார்.

ஜார்ஜும் பாரியும் மறுபேச்சுப் பேசாமல் தாவி ஏறினார்கள். பரசுராமன் காலை எடுத்துக்கொண்டு செருப்பைத் தேடினான். இன்ஜின் உறுமியது. கரையில் எல்சி அழுதுகொண்டே சிரித்துக்கொண்டே கையாட்டினாள்.

துறைமுக வாயைத் தாண்டியதும் கடல் விரிந்தது. இத்தனை வருஷம் வலைக்குப் பின்னால் நின்று பார்த்த அதே கடல்தான். ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்து பார்க்கும்போது எவ்வளவு பெரிசு! ஜெரி போனை எதிரே சாய்த்து வைத்தான். மலை அவனுக்கு வழிகாட்டுவதுபோல நின்றது. எல்சிக்கும், எங்கோ இருக்கிற அந்த ஜப்பான்காரனுக்கும், மனசார நன்றி சொன்னான்.

கதவருகில் நிழல் தட்டியது. கிருஷ்ணப்பன் டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். டீயை நீட்ட மறந்து, மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணா?" என்றான் ஜெரி.

கிருஷ்ணப்பன் கூச்சத்தோடு தொண்டையைச் செருமினார்.

"டைவரே, நானும் கெளம்புனதுலேர்ந்து யோசிக்கறேன், இந்த மலைக்கு இன்னா குத்தம் சொல்றதுன்னே தெரில. அவுங்க மூணு பேரும் ஆளுக்கு ஒரு கவரு மாட்டிக்கினாங்க, என் போனு மட்டும்தான் மொட்டையா கீது."